உடைமையும் அயலாரும்

அமெரிக்காவிற் பல்லாண்டு வாழ்ந்த அவுஸ்திரேலியர் ஒருவர் தாயகம் திரும்புகின்றார் எனக் கொள்வோம். கட்டிலோடும் நூல்களோடும், அங்கே சட்டப்படி வாங்கிய, தானாகக் குண்டேறும் துப்பாக்கியையும் கொண்டுவர விரும்புகின்றார். துப்பாக்கிக்குப் பொலிசாரின் அனுமதி வேண்டும்; தற்காப்பு அதற்குரிய காரணமாக ஏற்கப்படுவதில்லை.

“என் உழைப்பால் வாங்கிய பொருள், தீங்கறியாத என்னை ஏன் ஐயுறுகின்றீர்கள்?” என அவர் வினவலாம். வினாவில் நியாயமுண்டு. ஆயின் உடைமை என்பது மனிதருக்கிடையே நிலவும் உறவுமாகும். ஒருவன் கட்டிலில் உறங்குவதால் அயலானுக்கு அச்சமில்லை. துப்பாக்கியோ அயலானின் உயிரையும் தொடுவது. எனவே அவனது இசைவும் வேண்டப்படுகின்றது.

அவ்விசைவு 1996 இல் மாறியது. அவ்வாண்டு ஏப்ரலில் தஸ்மேனியாவின் போர்ட் ஆதரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். தானாகக் குண்டேறும் துப்பாக்கிகள் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. 6 இலட்சத்துக்கும் மேற்பட்டவை நட்டஈடு கொடுத்து மீளப் பெறப்பட்டன. அந்நிதிக்காக, வருமானத்தின் மீதான மருத்துவ வரி ஓராண்டுக்கு 1.5 வீதத்திலிருந்து 1.7 வீதமாக உயர்த்தப்பட்டது. துப்பாக்கியைத் தொட்டே அறியாத தொழிலாளியும் அதைச் செலுத்தினான்.

ஒப்படைத்தோரிற் பெரும்பாலார் குற்றமற்றவரே. அவர்கள் இழந்ததைத் தண்டனை என்பது பொருந்தாது. பொதுப் பாதுகாப்புக்கு அவர்கள் இட்ட பங்கு அது. அவ்வாறாயின், அக்காலத்திற் கடல்கடந்து வாழ்ந்தமையே ஒருவருக்கு விலக்குரிமை ஆகுமா? பிறந்த மண்ணில் மீண்டும் வாழ வருபவர், அம்மண்ணின் மக்கள் துயரத்தினூடே செய்துகொண்ட உடன்பாட்டையும் ஏற்றே வரவேண்டும்.