ஓடுகிறதா, நிற்கிறதா?

குஜிலியம்பாறையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்களின் மோட்டார், சென்சார் வேலைதான் சோறு போடுகிறது. போன மாதம், ஷாஃப்ட் சுற்றுவதைப் பல்ஸாக்கித் தரும் மலிவான என்கோடர் ஒன்றைச் சோதித்தேன். சுற்றுக்கு 600 பல்ஸ்.

நிமிடத்துக்கு 1440 சுற்றில் குறையே இல்லை. 10 மில்லி செகண்டுக்கு 144 பல்ஸ். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஒரு சதவீதத்துக்குள்தான். கியர் போட்டு 6 சுற்றாகக் குறைத்தேன். திரையில் பத்து, பூஜ்யம், பத்து, பத்து, பூஜ்யம். அந்த 10 மில்லி செகண்டில் பல்ஸ் ஒன்று விழுந்தால் பத்து, விழாவிட்டால் பூஜ்யம்; ஆறு வரவே இல்லை. ஷாஃப்டோ செக்கு மாடு மாதிரி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“சீப்பான சாமான்னா இப்படித்தாண்ணே” என்றான் உதவிக்கு வரும் தம்பி. சாமானைத் திட்டி என்ன செய்ய? விலை கூடிய சாமானும் எண்ணத்தான் செய்யும். இன்னும் பொடியாக எண்ணும், அவ்வளவுதான்.

இந்தக் கணத்தில் வேகம் என்று ஒன்று உண்டா? கணத்தில் அம்பு நகர்வதில்லை என்று கிரேக்கத்து ஜீனோ அன்றே குடைந்தார். மணிமேகலையின் 27-வது காதையில் அளவைவாதி, அறியும் வழிகளாகப் பத்து அளவைகளை அடுக்குகிறான். நேரில் கண்டறியும் காண்டலும் ஊகித்தறியும் கருதலும் அதில் உண்டு. என் மேஜையில் பல்ஸ்தான் காண்டல். வேகம் என்பது கருதல். அதுவும் ஏற்கெனவே கடந்துபோன நேரத்தைப் பற்றியது.

ஒரு செகண்டுக்கு எண்ணச் சொன்னேன். ஆறு வந்தது, லேசாக ஆடியபடி. பல்ஸ் தரும் என்கோடர் தட்டின் கோடுகள் சம இடைவெளியில் இல்லையே! முழுச் சுற்று எண்ணினால் அந்தப் பிசகும் அடிபட்டுப்போகும். அதற்குப் பத்து செகண்டு. காத்திருந்தேன். தம்பி மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டு டீ வாங்கப் போயிருந்தான். திரையில் இன்னும் ஆறு.