தாயாக வந்த தயாபரன்

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன், கேளுங்கள்.

ரத்னாவதிக்குப் பேறுகாலம். துணைக்கு வரவேண்டிய அம்மா, காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் மகள் வலியால் துடிக்கிறாள். அவள் கதறியதைக் கேட்ட ஈசன், அம்மாவின் வடிவெடுத்து வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வாசலில் வந்து நின்ற பிறகுதான், உள்ளே இருந்தது யார் என்பதே தெரிந்தது.

மலைமேல் இருந்தபடியே ஒரு பார்வை பார்த்து, வலியைத் தீர்த்திருக்கலாமே? ஆனால் சுவாமி என்ன செய்தார்? படியிறங்கி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். பணிவிடை செய்தார்!

சில வருடங்களுக்கு முன், இந்தக் கதையைச் சொல்லி முடித்த ஒரு மாலையில் ஒரு அம்மாள் தயங்கித் தயங்கி வந்தார். மாமியாருக்குச் சர்க்கரை வியாதியாம். காலில் புண் வந்து மூன்று வாரமாகிறதாம். மஞ்சள் பத்துப் போட்டும் ஆறவில்லை. வாடை வருகிறதென்று பின்கட்டு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். "வைத்தீஸ்வரன்கோவிலில் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறோம். வேறு பரிகாரம் உண்டா சுவாமி?" என்றார்.

"டாக்டரிடம் காட்டினீர்களா?"

"வலியே இல்லை, வேண்டாம்னு அவங்களே சொல்றாங்க."

அம்மா, வலி இல்லை என்பதுதான் அங்கே ஆபத்து. பல வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். ரத்த ஓட்டமும் குறைந்துவிடும். முள் குத்தினால்கூடத் தெரியாது. வாடை வந்தாலோ, கறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

சரி, பெரியவர்கள் ஏன் 'வேண்டாம்' என்கிறார்கள்? ஆட்டோவுக்குக் காசு, மருமகளுக்குச் சிரமம், பிள்ளைக்கு லீவு கிடைக்குமோ என்ற தயக்கம்... எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்வது நமக்கும் சௌகரியமாகப் போய்விடுகிறது! பிள்ளைகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். மருமகளை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? பெற்றோரைப் பராமரிப்பதில் மருத்துவமும் சேர்த்தி என்று 2007-ல் சட்டமே வந்தது. சட்டம் போட்டுச் சொல்லவேண்டிய விஷயமா இது!

வைத்தீஸ்வரன்கோவிலுக்குத் தாராளமாகப் போங்கள். அங்கே ஈசனே வைத்தியநாதன். அம்பாள் தையல்நாயகி கையில் தைலப் பாத்திரத்தோடு உடன் வந்தாள் என்பது ஐதீகம். தன்வந்திரிக்கும் தனிச் சந்நிதி இருக்கிறது. மருந்தை மதித்த தலம் அது. மருந்துக்குப் பதிலாக அங்கே போகலாமா?

மறுநாளே அழைத்துப் போனார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று, கால் பிழைத்தது. 'பத்து நாள் முன்னால் வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கும்' என்றாராம் டாக்டர். அதைச் சொல்லும்போது அந்த அம்மாளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "உள்ளே கூப்பிடுகிற வரைக்கும் என் கையை அவங்க விடவே இல்லை, சுவாமி" என்றார்.

சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம் என்றால் பெரியவர்களுக்குப் பாதபூஜை செய்கிறோம். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால், இன்று ராத்திரி அவர் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நாளைக்கும் பாருங்கள்.