வழிவிட வேண்டியவர் யார்?

பாதை எல்லார்க்கும் பொது என்று சொல்லுதல் எளிது. ஒடுங்கிய பாதையொன்றில் இருவர் எதிர்ப்படுங்கால், அவருள் ஒதுங்கி நிற்கவேண்டியவர் யார் என்று முடிவு செய்வதே அரிது. ஒரு சமூகம் எத்தகையது என்பதை அதன் மேடைப் பேச்சுகளைக் கொண்டு அளப்பதைவிட, அதன் சடக்குகளில் யார் யாருக்கு வழிவிடுகிறார் என்பதைக் கொண்டு அளத்தலே பொருந்தும். இக்கேள்வியை இன்று நம் முன் புதிதாகக் கொணர்ந்து நிறுத்தியிருப்பது மின்சார சைக்கிள்.

இவ்வண்டியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். மிதிக்கின்ற காலுக்கு, பாட்டரியால் இயங்கும் ஒரு சிறு மோட்டார் துணைநிற்கிறது; அவ்வளவே. 1817 இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பார் செய்த இருசக்கர மரவண்டிக்கு மிதிகூட இல்லை. காலால் தரையை உந்தியே அதனை ஓட்டினர். சைக்கிளுக்கு மின்சாரத்தைப் பூட்டும் எண்ணமும் புதியதன்று. 1895 லேயே அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. எனினும், மிதிக்கும் வலுவை அறிந்து அதற்கேற்பத் துணைசெய்யும் வண்டியை ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993 இல் விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே இவ்வழக்கம் உலகில் வேரூன்றிற்று.

இதனால் விளையும் நன்மைகள் சிலவல்ல. பயிற்சியற்ற மனிதன் ஒருவன் ஒரு மணி நேரம் இடைவிடாது தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 100 வாட் ஆகும். 250 வாட் மோட்டார் அவனுக்கு இரண்டு ஆட்களுக்கு மேற்பட்ட துணையை அளிக்கிறது. முழங்கால் தளர்ந்த முதியவர் மேடு ஏறுகிறார். கார் வாங்க இயலாதவர் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலைக்கு வியர்த்துக் களைக்காமல் சென்று சேர்கிறார். புகையில்லை, இரைச்சலில்லை. பட்டணங்களில் வீடுதோறும் உணவு கொண்டுசேர்த்துப் பிழைப்போர்க்கு இதுவே ஏரும் எருதுமாக இருக்கிறது.

தீமைகளும் இல்லாமலில்லை. வேகம் கூடக்கூட மோதலின் வலிமை அதே அளவில் கூடுவதன்று. வேகத்தின் இருமடியாகக் கூடுவது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டுமாயின், அது தாங்கிச் செல்லும் மோதுவிசையாற்றல் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். நன்மையென நாம் கூறிய ஓசையின்மையே, முதுகுக்குப் பின்னால் வண்டி வருவதை அறியாத கிழவிக்குத் தீமையாகிறது. விற்கும்போது அடக்கமாயிருந்த மோட்டாரை வீட்டில் திருத்தி வேகமேற்றுவோரும் உளர். தரங்கெட்ட பாட்டரி தீப்பற்றுவதும் உண்டு. 2019 இல் சிங்கப்பூரில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த அடுக்குமாடி வீடொன்றில் ஒருவர் உயிரிழந்தார்.

ஆகவேதான் அரசாங்கங்கள் இதில் தலையிட நேர்ந்தது. சிங்கப்பூரில் மின்சார சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்கும், எடை 20 கிலோவுக்கும் மேற்படலாகாது. வேகம் 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டாரின் துணை நின்றுவிட வேண்டும். ஓட்டுபவர்க்குக் குறைந்தது 16 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 2022 ஜனவரி முதல் அவர் விதிகள்பற்றிய தேர்விலும் தேறியிருக்க வேண்டும். நடைபாதையில் அவ்வண்டிக்கு இடமில்லை. மலேசியாவிலோ 2021 டிசம்பரில் மின்சார ஸ்கூட்டர் போன்ற சிறு ஊர்திகள் பொதுச் சடக்குகளில் ஓடலாகாதெனத் தடை பிறந்தது.

விதிகள் வேண்டியவையே. ஆனால் விதியின் சுமை யார் தோளில் விழுகிறது என்றும் பார்த்தல் வேண்டும். 2019 நவம்பரில் சிங்கப்பூர் அரசாங்கம் மின்சார ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்து விலக்கியபோது, பொழுதுபோக்குக்கு ஓட்டியவன் வேறு விளையாட்டைத் தேடிக்கொண்டான். உணவு சுமந்து பிழைத்தவனோ பிழைப்புக்கு வழி தேடித் திகைத்தான். அவன் வேறு வண்டிக்கு மாறுதற்கென 70 இலட்சம் வெள்ளி ஒதுக்கப்பட்டது பாராட்டத்தக்கது. நடப்போரின் உயிரைக் காப்பதற்காக உழைப்போனின் உணவைப் பறிக்க நேருமாயின், அவ்விழப்பில் சமூகமும் பங்கேற்றல் நீதியன்றோ?

இனி, காட்டுப் பாதைகளைப் பார்ப்போம். கோலாலம்பூரை அடுத்த புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நம்மவர் பால்வெட்டிய அந்தக் குன்றில் இன்று மலைச் சைக்கிள் ஓட்டுவோர் ஏறி இறங்கி மகிழ்கின்றனர். இத்தகைய பாதைகளில் மோட்டார் பொருத்திய சைக்கிளை விடலாமா என்பது உலகெங்கும் நிகழும் வழக்கு. அமெரிக்காவில் 2019 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு, தன் பொறுப்பிலுள்ள நிலங்களில் சாதாரண சைக்கிள் செல்லும் இடங்களில் மின்சார சைக்கிளுக்கும் இடமளிக்குமாறு ஆணையிட்டது. எதிர்ப்பும் உடனே எழுந்தது.

எதிர்ப்போர் கூறும் காரணங்களுள் ஒன்றை நாம் ஏற்க இயலவில்லை. குன்றின் உச்சியை வியர்வை சிந்தி அடைபவனுக்கே அதன் அழகைக் காணும் தகுதியுண்டு என்கின்றனர். வியர்வையே தகுதியாயின், விடியுமுன் எழுந்து மரந்தோறும் நடந்த தோட்டத் தொழிலாளியினும் தகுதியுடையார் யார்? அவனுக்கு அக்குன்றை யார் உரிமையாக்கினர்? ஓய்வுள்ளவன் தானே விரும்பி ஏற்கும் வருத்தத்தை அறமென்று உயர்த்தி, காலிழுத்து நடப்பவனைக் கீழே நிறுத்துதல் நேர்மையன்று.

ஆயினும் அவர்தம் மற்றொரு காரணம் வலியுடையது. மேட்டில் சைக்கிள் மெல்லத்தான் ஏறும் என்று நம்பி நடப்பவன், வளைவில் விரைந்தேறி வரும் வண்டியை எதிர்பாரான். தன் வலுவுக்கு மீறிய இடம்வரை மோட்டாரை நம்பிச் செல்பவன், பாட்டரி தீர்ந்தபின் கனத்த வண்டியோடு தவிப்பான். அவனை மீட்கப் பிறர் செல்லவேண்டும். எனவே, அகன்ற பாதையில் இடமளித்தும், ஒடுங்கிய பாதையில் வேகத்தைக் கட்டியும், நடப்போர்க்கே உரிய பாதையில் முற்றும் விலக்கியும் நடத்துவதே முறை.

இதுகாறும் நடுநின்று பேசினோம். நம் குற்றமொன்றையும் ஒளியாமற் கூறவேண்டும். தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம், வீட்டிலிருந்து ஆபீசுக்குச் செல்ல ஒரு மின்சார சைக்கிள் வாங்கினோம். ஒருநாட் காலை, செம்பனைகளுக்கிடையே உள்ள மண்பாதையில், நேரமாயிற்றென்று விரைந்தோம். வளைவில் உதிரிப்பழம் பொறுக்கும் மூதாட்டி ஒருவர் நின்றார். நாம் பிரேக்கைப் பிடிக்குமுன்னரே அவர் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார்; சாக்கிலிருந்த பழங்கள் சேற்றிற் சிதறின. நாம் இறங்கி, "மன்னியுங்கள் பாட்டி" என்றோம். அவர் சொன்னார்: "நீங்கள் போங்கள் ஐயா, நான்தான் முன்னமே ஒதுங்கியிருக்க வேண்டும்."

அவர் நம்மை ஏசியிருந்தால் அன்றே மறந்திருப்போம். அந்தப் பணிவுதான் நம்மைச் சுட்டது. ஏனெனில் அப்பணிவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1941 இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று இது: துரையோ தோட்ட உத்தியோகஸ்தரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி தன் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். இறங்காமற் செல்லும் உரிமையை ஒரு கோரிக்கையாக எழுதிக் கேட்கவேண்டியிருந்தது! அவ்வேலைநிறுத்தம் படைகொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தோரும் உண்டு. அன்று தொழிலாளி யாருக்காக இறங்கினானோ, அவ்வுத்தியோகஸ்தர் வரிசையில் கிராணியும் இருந்தான் என்பதை நாம் மறத்தற்கில்லை.

துரை போனார், அவர்முன் இறங்கும் வழக்கமும் போயிற்று. ஆனால் எளியவன் வலியவனுக்கு ஒதுங்கவேண்டும் என்னும் பழைய எண்ணம், பதவியின் சட்டையைக் கழற்றி வேகத்தின் சட்டையை அணிந்து மீண்டும் பாதைக்கு வருமாயின், நாம் பெற்ற விடுதலை எதற்கு?

ஆகவே நம் முடிபு இது. மின்சார சைக்கிள் வேண்டும். அதனை வெறுத்து ஒதுக்குதல் அறிவாகாது. ஆனால் பாதையின் அறம் ஒன்றே: எவனுக்கு ஆற்றல் மிகுதியோ அவனே வழிவிடக் கடமைப்பட்டவன். நடப்பவனுக்குச் சைக்கிளும், சைக்கிளுக்கு மோட்டாரும், மோட்டார் சைக்கிளுக்குக் காரும், யாவற்றுக்கும் லாரியும் தாழ்ந்து செல்லவேண்டும். ஐந்தடியில் குழந்தையைக் கண்டால் இறங்கித் தள்ளிச் செல்வோம். பின்னிருந்து முந்துமுன் மணியடித்து, முகம் திரும்பும்வரை பொறுப்போம். சட்டம் 25 கிலோமீட்டர் என்று கூறினால், அஃது உச்ச வரம்பேயன்றிக் கட்டளையன்று என்பதை நினைவிற் கொள்வோம்.

அந்த மூதாட்டியை இப்பொழுதும் அதே வளைவில் காண்கிறோம். தொலைவிலேயே நாம் இறங்கிவிடுகிறோம். முதல் நாட்களில் அவர் நம்மைக் கண்டதும் வாய்க்காலோரம் ஒதுங்கினார், இப்பொழுது ஒதுங்குவதில்லை. அலுவலகம் சேர நமக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. அந்த இரண்டு நிமிடம் நாம் அவருக்குச் செய்யும் தானமன்று. நெடுநாளாகத் தீர்க்கப்படாதிருந்த கடன்.