மூடிய கதவும் திறந்த கதவும்

அந்நிய நாட்டு உணவுப் பொருளுக்கு நாட்டின் கதவை மூடுவது நீதியா? திறந்து விடுவது நீதியா? பொருளியல் அறிஞர் இதனைக் கணக்காகப் பார்க்கின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நமக்கோ இது வெறுங் கணக்கன்று. கதவு மூடியதையும் திறந்ததையும் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

1970இல் ஆட்சிக்கு வந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால், செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம், அச்சுவேலி ஆகிய இடங்களின் செம்மண் தறைகளுக்கு அது பொற்காலம். ஆறில்லாத மண்ணில், கிணற்று நீரை இறைத்து வளர்த்த பயிருக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. ஓலை வீடு கல்வீடாயிற்று. துலா நின்ற இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. தரப்படுத்தலினால் பல்கலைக்கழக வாசல் அடைபட்ட இளைஞர் பலர் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய் நட்டு மானத்தோடு வாழ்ந்தனர். வியர்வைக்குக் கிடைத்த அந்தப் பயனை எவரும் குறை சொல்ல முடியாது.

ஆனால், அதே ஆண்டுகளுக்கு வேறொரு முகமும் உண்டு. அரிசி, மா, சீனி ஆகியவற்றின் பங்கீடு சுருங்கியது. பாணுக்காக விடியுமுன்னே மக்கள் வரிசையில் நின்றனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் பட்டினி மனித உயிர்களைக் குடித்தது. அங்கிருந்து தப்பி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்த குடும்பங்கள், நம்மவரின் காணிகளிலே கூலிக்கு நின்றன. மிளகாய்க்கு நல்ல விலை பெற்ற கைகள், அதைப் பறித்த கைகளுக்கு நியாயமான கூலி கொடுத்தனவா? இந்தக் கேள்வியை விலக்கிவிட்டு அக்காலத்தின் செழிப்பை மட்டும் பேசுவது பாதி உண்மையைப் பேசுவதாகும்.

இறக்குமதித் தடையினால் வரும் அதிக விலை வானத்திலிருந்து விழுவதில்லை. மிளகாயை எண்ணி எண்ணிக் கறிக்குப் போட்ட ஏழைத் தாயின் முடிச்சிலிருந்து அது வருகிறது. ஆகவே, தடையின் நிழலில் வாழ்பவன் அந்தத் தாய்க்குக் கடன்பட்டவன். பதுக்காமல் விற்பதும், உழைப்பாளிக்கு உரியதைக் கொடுப்பதும் அவன் செய்யும் தருமமன்று. அது அவன் தீர்க்க வேண்டிய கடன்.

1977 யூலைத் தேர்தலோடு ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிச் செத்தலும் பம்பாய் வெங்காயமும் சந்தையை நிறைத்தன. நம் தோட்டக்காரரின் விலை சரிந்தது. வாங்குபவருக்கு ஆறுதல், கடன் வாங்கி, காணி குத்தகைக்கு எடுத்து நட்டவனுக்கோ பேரிடி. நடும்போது இருந்த சட்டம் பறிக்கும்போது இல்லை. மழை பொய்த்தால் கமக்காரன் பொறுப்பான். முன்னறிவிப்பின்றி மாறும் சட்டத்தையும் அவன்தான் பொறுக்க வேண்டுமா?

இங்கே புனித தோமஸ் அக்குவினாஸ் ஆராய்ந்த ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. தானியம் அருகிய ஊருக்கு ஒரு வணிகன் கோதுமை கொண்டு வருகிறான். தன் பின்னால் வேறு வணிகர் பலர் வருவதை அவன் அறிவான், ஊரார் அறியார். அவன் அதைச் சொல்லவேண்டுமா? கண்டிப்பான நீதி அவனை அதற்குக் கட்டாயப்படுத்தாது. சொன்னால் அது மேலான புண்ணியம் என்பது புனிதரின் தீர்ப்பு. ஒரு தனி வணிகனுக்கு அது போதும். அரசுகளுக்கும் பெரு நிறுவனங்களுக்கும் அது போதுமா?

1972இல் சோவியத் ரஷ்யா, தன் விளைச்சல் பொய்த்ததை உலகம் உணருமுன், அமெரிக்க நிறுவனங்களிடம் பெருந்தொகைக் கோதுமையைச் சந்தடியின்றி வாங்கியது. பின்னர் உலக விலை எகிறியது. ஏழை நாடுகள் திண்டாடின. 1974 நவம்பரில் உரோமையில் உலக உணவு மாநாடு கூடியது. அதையடுத்து, விளைச்சலையும் தட்டுப்பாட்டையும் முன்கூட்டி அறிவிக்கும் உலகளாவிய அமைப்பொன்றை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் ஏற்படுத்தியது. பசி சூழும் உலகில் விளைச்சலைப் பற்றிய உண்மை ஒருவரின் தனிச்சொத்தாகாது என்பதே அதன் பொருள்.

நம் நாட்டிலோ, 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், வெங்காயம் முதலிய பொருள்களின் இறக்குமதி வரியை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஏற்றவும் இறக்கவும் வழி செய்தது. மூன்று மாதம் மண்ணில் நிற்கும் பயிரின் விதியை ஒரே இரவில் மாற்றலாம்! அயல்நாட்டின் கதவும் நம் கையில் இல்லை. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதத்தில்தான் அதை நீக்கியது. அதன் சூடு நம் அடுப்படிவரை வந்தது. வெளிநாட்டை மட்டும் நம்பி நம் தோட்டங்களைத் தரிசாக விடுவதும் அறிவுடைமையன்று.

பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் 1967இல் வெளியிட்ட ‘மக்களின் முன்னேற்றம்’ என்னும் சுற்றுமடலில், வலிமை ஒவ்வாத நாடுகளுக்கிடையே தடையற்ற வாணிபம் மட்டும் நீதியை உறுதி செய்யாது என்று தெளிவுபடுத்தினார். பேரம் பேசுவோர் சமநிலையில் இல்லாதபோது, சம்மதம் மட்டும் ஒப்பந்தத்தை நீதியாக்காது. இது நாடுகளுக்கு மட்டுமன்றி, சந்தையில் தரகனுக்கு முன் மூட்டையோடு நிற்கும் கமக்காரனுக்கும், அவன் தோட்டத்தில் களை பிடுங்கும் பெண்ணுக்கும் பொருந்தும்.

ஆதலால், மூடுவதும் திறப்பதும் தம்மளவில் புண்ணியமுமல்ல, பாவமுமல்ல. விளைவிப்பவன் வாழவும் வாங்குபவன் உண்ணவும் உதவுகிறதா என்பதே உரைகல். அரசு தன் தீர்மானத்தை நடுகைக்கு முன் சொல்லட்டும்; அறுவடை வரைக்கும் அதைக் காக்கட்டும். வணிகன் பதுக்காதிருக்கட்டும். நல்ல விலை கண்ட தோட்டக்காரன் தன் கூலியாளின் உலையை நினைக்கட்டும். சந்தைக்குப் போகும் நாமும், நாலு ரூபாய் குறைவு என்பதற்காக நம் ஊர் வெங்காயத்தைக் கடந்து போகுமுன், அதை விளைவித்த வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதைச் சிந்திப்போமாக.