ட்ரூயிட் நெறியும் தலமரமும்

கேள்வி: ட்ரூயிட் நெறி என்பது என்ன? அது எவ்வளவு பழையது?

பதில்: பிரிட்டன், அயர்லாந்து, இன்றைய பிரான்சு ஆகிய நிலங்களில் வாழ்ந்த கெல்டிய மக்களின் பூசகர்களும் நீதி சொல்வோருமே ட்ரூயிடுகள். அவர்கள் தம் சமயக் கல்வியை எழுதி வைக்காமல் மனப்பாடமாகவே காத்ததாக ஜூலியஸ் சீசர் குறிப்பிடுகிறார். ஓக் மரத்தில் வளரும் ஒருவகைப் புல்லுருவியை அவர்கள் புனிதமாகப் போற்றினர் என்கிறார் பிளினி. ரோமானியர் ஆட்சியிலும் பின்னர் கிறிஸ்தவம் பரவியபோதும் அந்த மரபு அற்றுப்போனது. இன்று அப்பெயரில் இருப்பது 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மறுமலர்ச்சி. 1964-இல் இங்கிலாந்தில் ராஸ் நிக்கல்ஸ் நிறுவிய சபை பாணர், ஓவேட், ட்ரூயிட் என மூன்று படிகளில் பயிற்சி தருகிறது.

கேள்வி: வேறு சமயத்தவர் இதைப் பின்பற்றலாமா?

பதில்: பின்பற்றலாம். எல்லோரும் ஏற்றாக வேண்டிய மறைநூலோ கடவுட் கொள்கையோ இதில் இல்லை. வழிபாடு பெரும்பாலும் திறந்த வெளியில் நடக்கும். ஆண்டுக்கு எட்டு விழாக்கள்: இரண்டு அயன நாட்கள், பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாட்கள், இவற்றுக்கு இடைப்பட்ட நான்கு. ஆனால் இது குளிர்நாட்டுக்கு அமைந்த நாட்காட்டி. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நெடிய இரவு அங்கே பெரிய நிகழ்வு. வேலூர்ப் பக்கத்து உழவருக்கு ஆண்டின் போக்கைக் காட்டுவது மழை. ஆகவே எட்டு விழாக்களை அப்படியே இங்கே கொண்டாடுவதில் பொருளில்லை.

கேள்வி: தமிழகத்தில் இதற்கு நிகரான மரபு உண்டா?

பதில்: அறுபடாமலே உண்டு. பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்குத் தலமரம் பனை, திருவலம் வில்வநாதீசுவரர் கோயிலுக்கு வில்வம், சிதம்பரத்துக்குத் தில்லை. அம்மனுக்கு வேப்பிலை, ஆடி 18-இல் ஆற்றுக்குப் படையல் என்பவையும் இதே வகை. ஐயனாருக்கும் அம்மனுக்கும் விடப்பட்ட கோயில்காடுகளில் மரம் வெட்டக் கூடாது, விறகு பொறுக்கி வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருக்கிறது. தெய்வத்துக்கு அஞ்சியே பல அரிய மரங்கள் அங்கே தப்பின.

கேள்வி: வேலூரை அடுத்த கணியம்பாடி போன்ற ஊரில் புதிதாகத் தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பதில்: வீட்டருகே உள்ள ஒரு வேம்பையோ அரசையோ தேர்ந்து, நாள்தோறும் குறித்த நேரத்தில் அதனடியில் சிறிது நேரம் பேசாமல் அமர்வது முதற்படி. அது இலை உதிர்ப்பது, துளிர்ப்பது, பூப்பது, அதை நாடி வரும் பறவைகள் என ஓராண்டு முழுதும் கவனித்து வரவேண்டும். அடுத்தது காட்டுக்குப் போய்வருதல். ஜவ்வாது மலையடிவாரத்தின் அமிர்திக் காடு அருகிலேயே இருக்கிறது. அங்கே சூடம் கொளுத்துவதும் பிளாஸ்டிக் பையை விட்டுவருவதும் தவறு.

மூன்றாவது, தொண்டு. வறண்டிருந்த நாகநதியை மீட்க, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளை இப்பகுதிப் பெண்கள் அமைத்தார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டது பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கை வழிபாட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். ஆற்றுக்குச் சூடம் காட்டிவிட்டு அதிலேயே கழிவை விடுவது வழிபாடு ஆகாது.