சிலந்திக்குரிய பங்கு

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நிற்பவர்கள், யானைகளைக் கண்டு வியந்துவிட்டுப் பெரும்பாலும் நகர்ந்துவிடுகிறார்கள். யானைகளின் அருகே சற்றுக் கூர்ந்து நோக்கினால், பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரியும் பூனை ஒன்று தெரியும். அதன் காலடியில் எலிகள். பூனையின் உள்நோக்கம் பல்லவர் காலத்துச் சிற்பிக்கும் தெரியும். பார்க்கும் நமக்கும் தெரியும். போலித் துறவைப் பற்றிய நகைச்சுவை என்றே இதற்கு விளக்கம் சொல்லி வருகிறோம். ஆனால், பூனை எலியைத் தின்பதை அச்சிற்பி குற்றமாகக் கருதியிருப்பாரா? பொய்த் தவம்தான் குற்றம். பசி குற்றமன்று.

அக்கடற்கரைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் செங்கல்பட்டு மாவட்டத்து வயல்களில், பூனை எலி விவகாரம் வேறு உருவில் எழுகிறது. பயிரைத் தின்னும் பூச்சியை நஞ்சிட்டுக் கொல்வதா, அதைத் தின்று வாழும் மற்றோர் உயிரிடம் விட்டுவிடுவதா? வேளாண் வல்லுநர்கள் இதனைப் பெரும்பாலும் செலவுக் கணக்காகவே பேசுகின்றனர். அறக்கணக்கும் இதில் உண்டு என்பது என் எண்ணம். அந்தக் கணக்கில் நட்டம் யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுவோர்க்குப் புகையானைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் சிறு பழுப்புநிறப் பூச்சி அது. பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்ததுபோல் காய்ந்து சாயும். கண்டவுடன் மருந்து அடிக்கத் தோன்றுவது இயல்பே. (நஞ்சுக்கு மருந்து என்று பெயர் சூட்டிய மொழி நம்முடையது. பூச்சிக்கா நோய், மருந்து கொடுக்க?) தாய்ப்பூச்சி தன் முட்டைகளை இலையுறையின் சதைக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் நஞ்சு பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. தண்ணீர்மேல் ஓடித் திரிந்து புகையானை வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்திக்கும், புகையானின் முட்டையை உறிஞ்சி வாழும் நாவாய்ப்பூச்சிக்கும் அது நன்றாக எட்டுகிறது. ஒரு வாரம் பத்து நாளில் முட்டைகள் பொரிக்கும்போது வயலில் காவல் இல்லை. பூச்சி முன்னிலும் பெருகுகிறது; மீண்டும் தெளிக்கிறார்கள். களையைப் பறிக்கும்போது கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள் என்று வேலையாட்களைத் தடுத்த நற்செய்தி உவமையின் நிலக்கிழார், பயிர்த்தொழில் அறிந்தவராகவே பேசியிருக்கிறார்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தை நாடளவில் கற்றது. நஞ்சுகளுக்கு அரசே பெருமளவில் மானியம் கொடுத்துத் தெளிக்கச் செய்தது, புகையான் அடங்கவில்லை. 1986ஆம் ஆண்டு நவம்பரில் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெற்பயிரில் பயன்படுத்தக்கூடாதென ஆணை பிறந்தது. மானியமும் படிப்படியாக நின்றது. வயலில் இறங்கி அமர்ந்து, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்க்க உழவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதுவரை எளிது. நஞ்சு தீது, சிலந்தி நன்று என்று முடித்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். ஆனால் இயற்கையின் முறை அத்தனை மென்மையானதன்று. கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறிய குளவியை அட்டைகளில் ஒட்டித் தோட்டத்தில் கட்டிவிடுகிறார்கள். நான்காம் மாதம் முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, புழு பிறக்குமுன்னரே அதை முடித்துவிடுகிறது அது. அதன் இனத்தாருள் சில, உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். பிறக்கும் குஞ்சு, புழு சாகாதபடி பார்த்துப் பார்த்து உள்ளிருந்து தின்று வளரும். 1860இல் டார்வின் தாவரவியலார் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், அன்பே உருவான கடவுள் இத்தகைய குளவியை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்றார். நம்பிக்கையாளர் இதைக் கேலியாக ஒதுக்கிவிடக் கூடாது. அவர் துயரத்தோடுதான் எழுதினார்.

புனித அகுஸ்தீனாரும் இக்கேள்வியை எதிர்கொண்டவர். மானிக்கேயருக்கு மறுப்பாகத் தொடக்க நூலுக்கு எழுதிய விளக்கத்தில், எலியும் ஈயும் புழுவும் எதற்காகப் படைக்கப்பட்டன என்று தமக்குத் தெரியாது என வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். பட்டறைக்குள் நுழைந்த அறியாதவன், கருவி ஒன்றில் கையை வெட்டிக்கொண்டு, இது தீய கருவி என்று கத்துவதுபோல நாம் பேசுகிறோம் என்கிறார். இது டார்வினுடைய துயரத்துக்கு முழு விடையாகாது என்றே எனக்குப் படுகிறது. புழுவின் வலிக்கு அதில் இடமில்லை. ஆயினும் ஒன்றை அது சரியாகச் சொல்கிறது. நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்பவை நம் கைக்காயத்தை வைத்து நாம் இட்ட பெயர்கள்.

பெயர்கள் எவ்வளவு விரைவில் மாறுகின்றன என்பதற்கு இக்கடற்கரையே சான்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருமுன் பாம்பு என்றால் தோல். இருளர் மக்கள் அதைப் பிடித்து விற்றுப் பிழைத்தனர். 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபின் அதே பாம்பு உயிர்காக்கும் மருந்துக்கு மூலம். நெல்வயலிலோ அது எலியை ஒடுக்கும் காவல். பாம்பு மாறவில்லை.

நன்மைக்கென்று அழைத்து வரப்பட்ட உயிரும் கேடாக முடியலாம். கரும்பு வண்டுகளைத் தின்னட்டும் என்று 1935இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன பெருந்தேரை, வண்டை விட்டுவிட்டு நாடெங்கும் பரவியது. அதைக் கவ்விய உள்நாட்டு விலங்குகள் அதன் நஞ்சால் மாண்டன. இதற்கு நேர்மாறானது நம் பப்பாளியின் கதை. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட அயல்நாட்டு மாவுப்பூச்சி பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளையாய் மூடியது. அதன் மெழுகுப் போர்வையை நஞ்சு எளிதில் ஊடுருவவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதற்கேயுரிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, வேறு உயிர்களைத் தாக்குமா என்று அடைப்பில் சோதித்தபின்பே வெளியே விட்டார்கள். சில மாதங்களிலேயே பூச்சி அடங்கத் தொடங்கியது. தேரையின் கதைக்கும் குளவியின் கதைக்கும் இடையே நிற்பது, விடுமுன் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றுதான்.

இனி, முதலில் சொன்ன நட்டக் கணக்குக்கு வருவோம். புகையானுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓர் அளவு வகுத்திருக்கிறது. தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இதைவிட அழகான வேளாண் விதியை நான் கண்டதில்லை. சிலந்தி உயிரோடிருக்க வேண்டுமானால் அதற்கு இரை வேண்டும். புகையானை அடியோடு ஒழித்த வயலில் சிலந்தி பசியால் வெளியேறிவிடும். ஆகவே பகையில் ஒரு பகுதியை வேண்டுமென்றே வாழவிட வேண்டும். விளைச்சலில் ஒரு சிறு பங்கை இழக்கச் சம்மதித்த பிறகே இம்முறை தொடங்குகிறது.

வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, வறியோர்க்கும் அந்நியர்க்கும் விட்டுவிடு என்று லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அது நிலமுடையவனுக்கு இட்ட கட்டளை. இன்று நாம் அதே பொறுமையை அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் கடன்பட்டுக் கத்தரி நட்டவரிடம் கேட்கிறோம். அவர் விட்டுக்கொடுக்கும் பங்கைச் சிலந்தி தின்னும். அதன் பயனோ நஞ்சற்ற காயாக, நஞ்சற்ற கிணற்று நீராக நம் எல்லார்க்கும் வந்து சேரும். பற்று அவர் பெயரில், வரவு ஊர் பெயரில். 2015இல் வெளிவந்த திருத்தந்தை பிரான்சிஸின் 'லௌதாத்தோ சீ' 34ஆம் பத்தி, நஞ்சுகளால் மறையும் பறவைகளும் பூச்சிகளும் வேளாண்மைக்கு உதவுபவையே என்றும், அவற்றின் இடத்தை நிரப்ப வேறொரு நுட்பம் தேட நேரும் என்றும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை உண்மை. அதை உழவரிடம் மட்டும் வாசித்துக் காட்டுவது நியாயமன்று.

இதே மாவட்டத்தில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடக்கூடாதென ஊரார் முறையிட, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமை எழுதித் தந்தார் என்பது வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை ஊர் அறிந்திருந்தது. அங்கே காவலும் ஊருடையது, சிரமமும் ஊருடையது, பயனும் ஊருடையது. தனியொருவர் தலையில் எதுவும் ஏறவில்லை.

கத்தரியைப் பாருங்கள். காய்ப்புழு முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும்; பிறகு தெளிப்பது அதன்மேல் படாது. அதனால்தான் திரும்பத் திரும்பத் தெளிக்கிறார்கள், சிலசமயம் பறிப்பதற்கு முந்தைய நாள்வரை. மாற்று இல்லாமலில்லை. வாடிய நுனிகளைக் கிள்ளி அழிக்கலாம். இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். வேம்பு உடனே கொல்வதில்லை. உண்ண விடாது, தோலுரித்து வளரவும் விடாது. செலவே இல்லாத முறை என்று மேடையில் பேசுவோர் உண்டு. வேப்பம்பழம் பொறுக்கி, உலர்த்தி, உடைத்து, இடிக்கும் பெண்களின் கூலி அவர்கள் கணக்கில் பூஜ்யம்.

இத்தனையும் செய்த பின்னும் கூடையில் சில சொத்தைக் காய்கள் இருக்கும். சந்தையில் நாம் அவற்றைப் புரட்டிப் பார்த்து ஒதுக்குகிறோம். வியாபாரி அதற்கேற்ப விவசாயிக்குக் கழிவு போடுகிறார். அடுத்த பருவத்தில் அவர் மீண்டும் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார். ஒரு பங்கின் இருபது குடும்பங்கள், நாற்று நடும் நாளிலேயே ஒரு கத்தரித் தோட்டக்காரரிடம் விலை பேசி, பத்துக் காய்க்கு இரண்டு ஓட்டையோடு வரும் என்று ஒப்புக்கொண்டு, கூடையைப் புரட்டாமல் வாங்கினால் போதும், அந்த அரை ஏக்கரில் கணக்கு மாறிவிடும். ஓட்டையுள்ள பகுதியை அரிந்து நீக்கினால் முக்கால் காய் குழம்புக்குத் தேறும். அரிந்து எறிவதை ஆடு தின்னும்.