எண்ணுகிறவனும் எண்ணப்படுகிறவனும்

வாக்காளர் பட்டியலில் சாதிக்குக் கட்டம் கிடையாது. பேர், அப்பா பேர் அல்லது புருஷன் பேர், வீட்டு எண், வயசு, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். ஆனால் ராயபுரத்தில் பட்டியலோடு தெருத்தெருவாக வரும் கட்சிக்காரனுக்குத் தெரு பேரைப் படித்தாலே போதும், எது குப்பம், எது சேரி, எது காலனி என்று தெரிந்துவிடும். காகிதத்தில் இல்லாத சாதி அவன் கண்ணில் இருக்கிறது.

அரசும் சாதியை எண்ணத்தான் செய்கிறது. எண்ணூர், திருவொற்றியூர் என்ற பொதுத்தொகுதியில் இருக்கிறது. வடக்கே போனால் பொன்னேரி தனித்தொகுதி. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் 19 பேர் பட்டியல் சாதியினர். அதை வைத்து 2008 மறுவரையறையில் 234 தொகுதிகளில் 44 தனித்தொகுதிகள் ஆயின. அந்த 19 பேரில் யார் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவன் பட்டியல் சாதி ஆகமாட்டான் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. ஒரே சேரியில் பிறந்து, ஒரே துறைமுகத்தில் மூட்டை சுமந்த அண்ணன் தம்பியில், கோயிலுக்குப் போகிறவன் எஸ்.சி., சர்ச்சுக்குப் போகிறவன் பி.சி. பொன்னேரியில் தம்பி ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது.

நின்றால் என்ன ஆகும்? 1967இல் கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் ஜெயித்தார் எஸ். ராஜகோபால். ஆதி திராவிடர், முன்பு ஞானஸ்நானம் பெற்றவர். தோற்ற சி.எம். ஆறுமுகம் வழக்குப் போட்டார். 1968இல் உச்ச நீதிமன்றம் வெற்றி செல்லாது என்றது. 1972இல் மறுபடி ஜெயித்தார், மறுபடி வழக்கு. 1975இல் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. இந்து மதத்துக்குத் திரும்பிவிட்டார், சாதிக்காரர்களும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது காரணம். ஓட்டுப் போட்டவர்கள் தீர்ப்பு போதவில்லை, சாதியின் அத்தாட்சி தேவைப்பட்டது!

கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்பார்கள். வேதத்தில் இல்லை, சரி. தனிக் கல்லறை யாருக்கு? மதம் மாறினவனை ஊர் மறக்கவில்லை, சட்டம் மட்டும் மறந்துவிட்டது.

நம்ம ஆட்களே சிலர், அவங்களும் வந்தா நம்ம பங்கு குறையுமே என்கிறார்கள். இந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சட்டமன்ற இடங்கள் மக்கள்தொகை விகிதப்படிதான். எண்ணிக்கை கூடினால் அடுத்த மறுவரையறையில் தொகுதியும் கூடும். வேலையிலும் படிப்பிலும் அப்படி இல்லை, தமிழ்நாட்டில் 18 விழுக்காட்டோடு நிற்கிறது. ஆகவே தம்பியைச் சேர் என்பதும் 18ஐ உயர்த்து என்பதும் ஒரே கோரிக்கையாக எழ வேண்டும். பங்குக்காகத் தம்பியை வெளியே நிறுத்தினால், நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தியவனின் நியாயத்தைத்தான் நாமும் பேசுகிறோம்.

2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு இதை ஆராய ஆணையம் அமைத்தது. ஆணையம் ஆராயட்டும். நான் யார் என்பதை நான் சொல்ல வேண்டுமா, என்னைத் தீண்டாதவன் சொல்ல வேண்டுமா? அதற்கு ஆணையத்திடம் பதில் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.